ஆமத்தூர் விலக்கில் நின்ற குவாலிஸ்

சங்கிலிமுத்துவின் குவாலிஸ் வழியில் நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால், மல்லாங்கிணறு பக்கத்தில் சொன்னவனைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். கண்மாய் உடைந்து தண்ணீர் ரோட்டுக்கு மேல் ஓடிய வருஷத்திலும் அது நின்றதில்லை. பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் வண்டிகள் சீசன் நேரத்தில் ஆங்காங்கே பானெட்டைத் திறந்துகொண்டு புகைந்து நிற்கும். இவன் ஆரனை அடித்துவிட்டுத் தாண்டிப் போவான். அந்த ஆரனில் கொஞ்சம் திமிர் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வண்டி பழசு. மதுரையில் ஒரு டிராவல்ஸ்காரர் கல்யாண வீட்டுக்கும் சபரிமலைக்கும் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்றதை இவன் வாங்கினான். வெள்ளைப் பெயின்ட் பழுத்துப்போய், சீட்டெல்லாம் கிழிந்து, கோணிச்சாக்கு போட்டுத் தைத்திருந்தது. டொயோட்டாக்காரன் அந்த மாடலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டான். ஆனால் ஏற்கெனவே வெளியே வந்த வண்டிகள் நிற்பேனா என்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வண்டி வாங்குவதற்கு முன் சங்கிலிமுத்து அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டினான். ஒரே ஆள் நாலைந்து தறிக்கு நடுவில் நின்று பார்க்க வேண்டும். எங்கேயாவது ஒரு நூல் அறுந்தால் தறிக்குத் தெரியாது, அதுபாட்டுக்கு ஓடும். துணி பாழாகும், ஏச்சு இவனுக்கு விழும். அப்படி ஏச்சு வாங்கிய மனுஷனுக்கு, டொயோட்டாவின் மூலபுருஷர் ஒரு தறிக்காரர் என்று செல்போன் வீடியோவில் தெரிந்தபோது சாமியைப் பார்த்தது போல ஆகிவிட்டது. அவர் ஒரு தச்சரின் மகன். நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடுகிற தறியைச் செய்தவர். அதன் உரிமையை இங்கிலாந்துக் கம்பெனிக்கு விற்றார்கள். அவருடைய மகன்தான் பிறகு கார் பக்கம் போனார்.

இந்தக் கதையை வண்டியில் ஏறும் பெண்கள் அத்தனை பேரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். புதிதாக யாராவது வேலைக்கு வந்தால் போதும், விருதுநகர் தாண்டுவதற்குள் சங்கிலிமுத்து ஜப்பானுக்குப் போய்த் திரும்பிவிடுவான். “ஒங்க சப்பான் சித்தப்பா சௌக்கியமா?” என்று ராமுத்தாய் தினமும் கேட்பாள். வண்டியில் வயதில் மூத்தவள் அவள்தான், வாயிலும் மூத்தவள். அந்தக் குடும்பத்தின் பெயர் முதலில் டொயோடா என்றுதான் இருந்தது, அவர்கள் எழுத்தில் எட்டுக் கோட்டில் எழுதுவது ராசி என்று டொயோட்டா ஆக்கினார்கள் என்று இவன் சொன்ன அன்றைக்கு, “எட்டு சனிக்கு உள்ளதுல்ல. அந்த ஊருச் சனி நல்லவரு போல” என்றாள். வண்டி குலுங்கச் சிரித்தார்கள்.

கயிற்றுக் கதைதான் அவர்களுக்கு நம்பவே முடியாமல் இருந்தது. அந்தக் கம்பெனியில் கார் வரிசையாக நகர்ந்து வருமாம். வேலை பார்ப்பவர்களில் யாருக்காவது ஏதாவது கோணலாகப் பட்டால் பக்கத்தில் இருக்கும் கயிற்றை இழுக்கலாமாம். மேஸ்திரி ஓடிவந்து பார்ப்பாராம். சரிசெய்ய முடியாவிட்டால் மொத்த வரிசையும் நிற்குமாம், இழுத்தவனை யாரும் வைய மாட்டார்களாம்.

“நம்ம கம்பெனியில அப்படி ஒரு கயிறு கட்டுனா, இழுத்தவ கழுத்துலதான் அது கெடக்கும்” என்றாள் ராமுத்தாய். சங்கிலிமுத்துவின் மனைவி செல்வலட்சுமி அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை. அவளும் அதே வண்டியில், அதே கம்பெனிக்குத்தான் போகிறாள்.

கம்பெனி விஸ்வநத்தம் பக்கத்தில் இருந்தது. தனித்தனி அறைகள், நடுவில் காலி இடம், வாசலில் உடம்பு மின்சாரம் இறங்கக் கை வைத்துவிட்டு உள்ளே போவதற்குச் செம்புத் தகடு. செல்வலட்சுமிக்குப் பேன்சி ரக வெடிக்குள் மணிமருந்து செலுத்துகிற வேலை. நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் சீசனுக்கு ஏழு பேரை உட்காரவைத்திருந்தார்கள். ஏழு பேரும் இந்த வண்டியில் வருகிறவர்கள். அறையைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒரு வண்டிக்கு ஓர் அறை என்று பிரித்துக் கொடுத்திருந்தார்.

மருந்துக் கலவையை வெயில் ஏறுவதற்கு முன்பே கலந்து, அன்றன்றைக்குச் செலுத்தி முடித்துவிட வேண்டும். மிஞ்சினால் வெளியே எடுத்து அழித்துவிட வேண்டும். ராத்திரி அறைக்குள் வைக்கவே கூடாது. ஈரம் பட்டால் மருந்து நீர்த்துப்போய்த் தனக்குத்தானே சூடேறும். ஒருசமயம் தானாகவே வெடிக்கும், ஒருசமயம் ஒருவர் கை படுகிற வரைக்கும் சும்மா இருந்துவிட்டு, பட்டதும் வெடித்து ஆளை எடுத்துக்கொண்டு போகும். அந்த வட்டாரத்தில் இதைத் தெரியாத ஆளே கிடையாது. தெரிந்தும் ஆர்டர் அவசரத்தில் கண்ணை மூடிக்கொள்வதுதான் வழக்கம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தெற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மின்னல் வெட்டினால் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும் என்பது ஆலைச் சட்டம். அதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடிப்பார்கள். ஓடி வந்தார்கள். திறந்திருந்த கதவு வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. செல்வலட்சுமி திரும்பிப் பார்த்தபோது மருந்துத் தட்டில் ஒரு ஓரம் நனைந்து கருத்திருந்தது. போர்மேன் தங்கப்பாண்டியன் ஒரு தாளைப் போட்டு மூடிவிட்டுக் கதவைச் சாத்தினார். திங்கட்கிழமை வந்து முடித்துக்கொள்ளலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கருவாட்டுக் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். துவைத்த சேலையையே திரும்பத் துவைத்தாள். வெயில் வேறு மழைக்குப் பிறகு வெறிபிடித்தது போல அடித்தது, கரிசல் மண்ணிலிருந்து ஆவி கிளம்பியது. அந்த அடைத்த அறையும் இப்படித்தானே வேகும் என்று நினைத்தாள். மத்தியானம் தங்கப்பாண்டியனுக்குப் போன் போட்டாள். தாள் போட்டு மூடித்தானே இருக்கிறது தங்கச்சி, லோடு போயே ஆகவேண்டும், கண்டதையும் நினைத்து நாலு பேரிடம் பேசிக்கொண்டு திரியாதே என்று அவர் வைத்துவிட்டார்.

சங்கிலிமுத்து வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு எண்ணெய்க் குளியல் நடக்கிற நாள். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“நாளைக்கு நீ லீவு போடு. காச்சல்னு சொல்லிக்கிருவோம்” என்றான் அவன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

“எனக்குக் காச்சல்னா என் எடத்துல, அந்த நனஞ்ச தட்டுக்கு முன்னால, பாண்டிமீனாவ ஒக்கார வைப்பாக. அவ மருந்தத் தொட ஆரம்பிச்சு ஒரு மாசம்கூட ஆகல. கல்யாணமாகி வந்த புள்ள. அவளுக்கு ஒன்னுன்னா நீங்கதான் இதே வண்டியில போட்டுத் தூக்கிட்டு வரணும்.”

அவன் துணியைப் பிழிந்தான். நேராகவே போய், அந்த அறைக்குள் போக மாட்டோம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டான். கேட்கும்போதே அவனுக்குப் பதில் தெரியும். போன சீசனில் வேறொரு ஊர்ப் பெண்கள் அப்படித்தான் சொன்னார்கள். அடுத்த வாரமே அந்த ஊர் வண்டியை வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். வண்டி ஓட்டியவன் இப்போது திருப்பூரில் இருக்கிறான்.

“வண்டி ரிப்பேருன்னு சொல்லுங்க” என்றாள் செல்வலட்சுமி. “வண்டி போகலைன்னா அந்த ரூமுல ஆளே இருக்காது. ஆளில்லாத ரூமு வெடிச்சா செவுருதான போகும்.”

“எந்த வண்டி நின்னுச்சுன்னாலும் நம்புவாக. இது நின்னுச்சுன்னா எவன் நம்புவான்?”

“அப்ப ஒரு பொய்யிக்குக்கூட ஒதவாத பேருதான் இந்தப் பேரு.”

அவனுக்குச் சுருக்கென்றது. வண்டியை ஒன்று சொன்னால் பொறுக்காத ஆள். கோபத்தில் வாளித் தண்ணீரை மொத்தமாகச் சக்கரத்தில் ஊற்றினான். அவள் விடவில்லை. “தெனமும் கத சொல்றீகளே, நூலு அறுந்தா அந்தத் தறி நின்னுச்சுன்னு. அங்கன கயித்த இழுத்து நிப்பாட்டுனதாலதான் இந்த வண்டிக்கு இம்புட்டுப் பேரு. நின்னு நின்னு செஞ்ச வண்டிங்க இது. ஒரு நாள் நின்னா என்ன கொறஞ்சு போச்சு?”

சங்கிலிமுத்து சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வரைக்கும் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் பெண்கள் தூக்குவாளிப் பைகளோடு வந்து ஏறினார்கள். செல்வலட்சுமியும் ஏறினாள். அவனாக ஏதாவது சொல்வானா என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவன் சாவியைத் திருகினான், வண்டி உடனே கிளம்பியது.

விருதுநகர் தாண்டும் வரை சங்கிலிமுத்து ஒருசமயம் மாட்டுவண்டி போல உருட்டினான், ஒருசமயம் பேய் விரட்டுகிறது போல ஓட்டினான். சப்பான் சித்தப்பாவுக்கு உடம்புக்கு ஆகலையா என்று ராமுத்தாய் கேட்டுப் பார்த்தாள். பாண்டிமீனா முந்தின நாள் புருஷனோடு இருக்கன்குடிக்குப் போய் வந்திருந்தாள். பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் திருநீறு பூசிவிட்டாள். கடைசியில் எட்டி, “அண்ணே, நீங்களும் பூசிக்கோங்க” என்று அவன் தோளுக்கு மேல் கையை நீட்டினாள்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். பழைய ஆட்களுக்கு விரலெல்லாம் மருந்தின் வெள்ளிப்பூச்சு ஏறி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. செல்வலட்சுமியின் கை அப்படித்தான். இந்தப் பெண்ணுக்கு இப்போதுதான் நகக்கண்ணில் மட்டும் மினுங்கத் தொடங்கியிருந்தது. மருதாணிச் சிவப்பு இன்னும் விட்டுப் போகவில்லை.

திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டான். ஆமத்தூருக்கு ரோடு பிரிகிற விலக்கு வந்தது. வேப்பமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, சாவியைத் திருகி அணைத்துவிட்டு இறங்கினான்.

அவன் பானெட்டைத் தூக்கியபோது வண்டிக்குள் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அந்தப் பானெட் ரோட்டில் திறந்து அவர்கள் யாரும் பார்த்ததில்லை. “வண்டி ஓடாது. எறங்குங்க” என்றான். அவன் முகத்தைப் பார்த்த செல்வலட்சுமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, திரும்பிக்கொண்டாள்.

பொய் சொல்ல இறங்கியவன் முழுசாக இறங்கியிருக்க வேண்டும். ஒரு வயரைக் கழற்றிப் போட்டிருந்தால் போதும். பேட்டரிப் பக்கம் கையைக் கொண்டுபோனான். கை போனது, மனசு போகவில்லை. நல்லா இருக்கிற வண்டியை எப்படிக் கெடுப்பது? சும்மா உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

மற்ற ஆலை வண்டிகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் வேகத்தைக் குறைத்தது. எத்தனையோ நாள் இவன் ஆரனடித்துத் தாண்டிய டிரைவர்கள் எல்லாம் தலையை வெளியே நீட்டினார்கள். இவனோடு வெகுநாளாகப் போட்டி உள்ள பால்பாண்டி தன் வேனை நிறுத்தியே விட்டான். குவாலிஸ் நின்றதைப் பார்க்கத் தனக்குக் கொடுப்பினை இருந்ததே என்று சொல்லிச் சிரித்து, செல்போனில் படமும் எடுத்துக்கொண்டான். சங்கிலிமுத்துவின் காது சிவந்தது. பிறகு பால்பாண்டி, ஆள்களை என் வண்டியில் ஏற்று, நெருக்கி உட்கார்ந்தால் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னான்.

இந்த உதவியை யாரும் எதிர்பார்க்கவில்லை. ராமுத்தாய் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பாண்டிமீனாவும் பின்னால் போனாள். செல்வலட்சுமி அவள் கையைப் பிடித்து, கொஞ்சம் இரு, என்றாள். ஏன் என்று கேட்டவளின் கையை இன்னும் இறுக்கினாள். அப்போதுதான் தங்கப்பாண்டியன் புல்லட்டில் வந்து சேர்ந்தார். வண்டி ரிப்பேர் என்று சங்கிலிமுத்து சற்று முன் போனில் சொன்னதை அவர் நம்பவில்லை.

அவர் நேராக டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

ஒரே திருகு. வண்டி கிளம்பி, சீராக ஓடியது. திறந்த பானெட்டுக்கு முன்னால் நின்ற சங்கிலிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை வருஷம் அவன் ஊரெல்லாம் பெருமையடித்த வண்டி, அவனை நட்டநடு ரோட்டில் காட்டிக்கொடுத்துவிட்டது.

“என்னலே இது?” என்றார் தங்கப்பாண்டியன். “யாருகிட்ட வெளையாடுற?”

“அவரு வெளையாடல.” செல்வலட்சுமி முன்னால் வந்தாள். “வண்டிக்கு ஒரு கொறையும் இல்லண்ணே. நான்தான் நிப்பாட்டச் சொன்னேன். சனிக்கெளம வச்ச மருந்து நனஞ்சிருக்கு. நேத்து பூராவும் வெயில்ல வெந்திருக்கு. அதுல நாங்க கை வைக்க மாட்டோம். நீங்க சாத்துன கதவ நீங்களே போயித் தொறந்து பாருங்க.”

பால்பாண்டியின் வேனில் இருந்த பெண்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். தங்கப்பாண்டியன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். அவருக்கு முகம் வியர்த்திருந்தது. “வர்றவ வரலாம். வராதவளுக்கு நாளையிலேருந்து கேட்டுக்குள்ள எடமில்ல. இந்த வண்டிக்கும் இல்ல” என்றார்.

ராமுத்தாய் பால்பாண்டி வேனின் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். அவள் அந்த அறையில் நெடுநாள் வேலை பார்த்தவள். வெந்தவர்களைத் துணியில் சுற்றித் தூக்கியதும் உண்டு. “ஏட்டி, மருந்து நனஞ்சதக் கண்ணால பாத்தியா?” என்று கேட்டாள்.

“பாத்தேன் மதினி.”

“மொதல்லயே சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா யாரு மதினி நிப்பா?”

ராமுத்தாய் அவளை முறைத்தாள். காலைப் படியிலிருந்து எடுத்தாள். வேப்பமரத்தடிக்கு வந்து சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து, பையிலிருந்து தூக்குவாளியை எடுத்துத் திறந்தாள். மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை அந்தக் காலை நேரத்திலேயே பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஆலைக்குப் போகிறவள் யாரும் அப்படிச் சாப்பிட மாட்டாள். பாண்டிமீனா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக எல்லாரும் உட்கார்ந்தார்கள். தூக்குவாளிகள் திறந்தன, துவையல் கைமாறியது.

தங்கப்பாண்டியன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புல்லட்டை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய், நிறுத்தி, யாருக்கோ போன் பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. கையை மட்டும் வேகமாக ஆட்டிக்கொண்டே பேசினார்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு அந்தப் பகல் நகரவே இல்லை. வேலைக்குப் போகாத பெண்கள் வாசலில் வந்து நிற்பதும் உள்ளே போவதுமாக இருந்தார்கள். அத்தனை பேர் காதும் தெற்கே இருந்தது. அத்தனை தூரத்துச் சத்தம் மல்லாங்கிணற்றுக்குக் கேட்காது என்று தெரியும், ஆனாலும் கேட்டார்கள். செல்போன் ஒலித்தால் ஓடினார்கள். எங்கேயோ லாரி டயர் வெடித்ததற்கு ராமுத்தாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

எந்தச் செய்தியும் வரவில்லை. நேரம் போகப்போகப் பேச்சு மாறியது. ஒன்றும் ஆகவில்லையே, வீணாக வேலையை விட்டோமே என்று யாரோ சொன்னது செல்வலட்சுமி காதில் விழுந்தது. அதைவிடக் கொடுமை, தன் மனசே அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்ததை அவள் கண்டுகொண்டாள். வெடித்திருந்தால் தான் சொன்னது சரி என்று ஆகியிருக்கும். அப்படி நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

சங்கிலிமுத்து வண்டி பக்கமே போகவில்லை. பால்பாண்டி எடுத்த படம் அதற்குள் டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. பானெட் திறந்த குவாலிஸும், முன்னால் குனிந்து நிற்கும் அவனும். கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன.

விளக்கு வைக்கிற நேரத்தில் தங்கப்பாண்டியன் போன் பண்ணினார். சங்கிலிமுத்து அவளுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

“ஏலே சங்கிலி, வண்டி சரியாயிருச்சா?”

“வண்டிக்கு என்னண்ணே, அதுதான் நீங்களே…”

“சொல்றதக் கேளு. மொதலாளிகிட்ட வண்டி ரிப்பேரு, அதான் ஆள் வரலைன்னு சொல்லிருக்கேன். வேற மாதிரி சொன்னா நனஞ்ச மருந்த உள்ள வச்சது நான்னு ஆயிரும். எம்பொழப்பும் போகும், ஒங்க பொழப்பும் போகும்.” அவர் குரல் இறங்கியது. “சுத்தி உள்ள ரூமு ஆளுகள எல்லாம் வெளிய எடுத்துட்டு, அத எடுத்துக் கொட்டியாச்சு. தட்டு சுட்டுச்சுலே. தங்கச்சிகிட்ட சொல்லிரு. நாளைக்கு ஆளுகள ஏத்திட்டு வா. பால்பாண்டி வேன் ஆளுககிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். யாரு கேட்டாலும் ஒரே பேச்சுதான். இப்பச் சொல்லு, என்ன ரிப்பேரு?”

செல்வலட்சுமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாசல் வழியாக வண்டியைப் பார்த்தான்.

“ஒரு ஒயரு அந்துபோச்சுண்ணே. அதான் நின்னுருச்சு. இப்பச் சரியாயிருச்சு.”

போனை வைத்துவிட்டு வாசல்படியில் வந்து உட்கார்ந்தான். “இனிமே ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக, குவாலிஸ் நின்னுபோச்சுன்னு” என்றான்.

“சிரிக்கட்டும்” என்றாள் செல்வலட்சுமி. “சிரிக்கிறதுக்கு எல்லாரும் இருக்காகள்ல.”